இலவச டேட்டிங் ஆப்: எங்கே காசு கேட்கிறார்கள், எங்கே ஏமாற்றுகிறார்கள்?

‘முழுக்க இலவசம்’ என்று போட்டிருந்த டேட்டிங் ஆப்பை இறக்கினேன். படம்கூடப் போடவில்லை, பத்து நிமிஷத்தில் மூன்று பெண்கள் மெசேஜ் அனுப்பியதாகக் காட்டியது. திறந்து படிக்க 499 ரூபாய் கேட்கிறது. உண்மையிலேயே காசு கேட்காத ஆப் உண்டா?
– வாசகர், ஈரோடு

உண்டு. ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: இருவருக்கும் பிடித்துப்போய் மேட்ச் ஆன பிறகு, மெசேஜ் படிக்கவும் பதில் எழுதவும் காசு கேட்கிறதா? டிண்டர், பம்பிள், ஹிஞ்ச் மூன்றிலும் கேட்பதில்லை. அவர்கள் காசு பார்ப்பது வேறு இடத்தில். உங்களை லைக் செய்தவர்களின் படத்தை மங்கலாக்கிக் காட்டுவார்கள். தெளிவாகப் பார்க்கக் கட்டணம். இலவசக் கணக்குக்கு லைக்கிலும் வரம்பு உண்டு. அதற்குள் பொறுமையாகத் தேடினால் ஒரு பைசா செலவில்லை.

நீங்கள் இறக்கியது வேறு ரகம். முகமே தெரியாத கணக்குக்கு மூன்று பேர் ஓடி வந்து எழுத மாட்டார்கள். அது பெரும்பாலும் சந்தா விற்பதற்காக ஓடும் புரோகிராம். 499 கட்டினால் இரண்டே நாளில் அந்த மூன்று பேரும் மௌனமாகிவிடுவார்கள். காயின் வாங்கச் சொல்லி நிமிஷக் கணக்கில் வீடியோ கால் விற்கும் ஆப்களையும் தொடாதீர்கள். இறக்கும் முன் பிளே ஸ்டோரில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை மட்டும் இருபது படியுங்கள், போதும்.

‘நீங்கள் நிஜ ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும்’ என்று யாராவது லிங்க் அனுப்பி கார்டு நம்பர் கேட்டால், அது கார்டுக்கு விரித்த வலை. டிண்டரும் பம்பிளும் செல்ஃபி எடுக்கச் சொல்லித்தான் படத்தைச் சரிபார்க்கின்றன. அப்படிக் கிடைக்கும் டிக் குறிக்குக்கூட, படத்தில் இருப்பது அதே முகம் என்பது மட்டுமே அர்த்தம். வேலை, ஊர், கல்யாணமானவரா என்பதற்கெல்லாம் அது சாட்சி இல்லை.

ஆப்பை டெலீட் செய்தும் மாதாமாதம் பணம் போகிறதே?
– வாசகி, நாகர்கோவில்

டெலீட் செய்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தட்டி, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய் கேன்சல் செய்யுங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதியில் இருக்கலாம். இருந்தால் அங்கேயே ரத்து செய்யலாம்.

ஆப்பில் பழகிய லண்டன் டாக்டர் எனக்கு நகையும் பவுண்டும் பார்சலில் அனுப்பினாராம். டெல்லி விமான நிலையத்துச் சுங்க அதிகாரி என்று ஒரு பெண் போன் செய்து 38,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?
– வாசகி, மதுரை

கட்டாதீர்கள், அம்மா. பார்சலே கிடையாது, டாக்டரும் அந்த அதிகாரியும் ஒரே கும்பல். இதைக் கட்டினால் அடுத்து ‘கறுப்புப் பண வழக்கு’ என்று மிரட்டி 80,000 கேட்பார்கள். சுங்கத்துறை போனில் பேசித் தனிநபர் கணக்கில் பணம் போடச் சொல்வதே இல்லை. தபாலில் வரும் பார்சலுக்கு வரி இருந்தால், அதைக் கொண்டுவந்து தரும்போது தபால்துறையே வசூலிக்கும். கடிதம் எதுவும் காட்டினால், அதில் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்கிறதா பாருங்கள். சுங்கத்துறைக்கு மேலே உள்ள மத்திய வாரியமான சிபிஐசியின் இணையதளத்தில் அதைப் போட்டு உண்மையா என்று சரிபார்க்கலாம். டாக்டரின் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், அதே முகம் வேறு பெயரில் அகப்படலாம். அகப்படாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் இந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பரிவர்த்தனை எண், தேதி, நேரம், பணம் போன கணக்கு அல்லது யுபிஐ ஐடி. அவசரத்துக்குக் காரணம் உண்டு. போன பணம் மளமளவென்று நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம் வழியாக வெளியேறிவிடும். கணக்கில் கிடக்கும்போது மட்டுமே வங்கியால் முடக்கிவைக்க முடியும். நம்பிப் பழகியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, கூச்சப்பட்டு ஒரு நாளைக் கடத்திவிடாதீர்கள்.

வீடியோ காலில் பேசியதைப் பதிவுசெய்து, நண்பர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டுகிறார்கள்...
– பெயர் வேண்டாம், கோவை

ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தவரிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சாட்டில் பேசியதை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எண்ணும் புரொஃபைல் முகவரியும் அதில் தெரியட்டும். பிறகு பிளாக் செய்துவிட்டு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் நண்பர் பட்டியலை மறைத்துவிடுங்கள். சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்தில் புகார் பதியலாம். இன்று இரவே வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மிரட்டுபவர்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் உங்கள் பயம்தான்.