கடலில் சும்மா உட்கார்ந்திருக்க ஆசைப்படுவது தப்பா?

கேள்வி: என் கணவர் போன மாதம் ரிட்டையர் ஆனார். முலுண்டிலிருந்து சிஎஸ்டி ஸ்டேஷனுக்கு 34 வருடம் லோக்கல் ரயிலில் போய் வந்தவர். கப்பலில் ஏறித் தீவுகளுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் இருவரின் நெடுநாள் ஆசை. இப்போது அந்தமானுக்கு ஆறு நாள் திட்டம் போட்டு, அதிகாலை முதல் இரவு வரை மணி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். சொன்னால், "இவ்வளவு பணம் கட்டிப் போய் சும்மா உட்காரவா?" என்கிறார். படகில் வாந்தி வருமோ என்ற பயமும் இருக்கிறது. என் ஆசை தப்பா?
- ஒரு வாசகி, முலுண்டு, மும்பை

பதில்: தப்பே இல்லை, சகோதரி. அவர் மீதும் கோபப்படாதீர்கள். ஒரு நிமிடம் பிந்தினால் வண்டி போய்விடும் என்று 34 வருடம் ஓடிய மனுஷர். அந்த ஓட்டம் ஒரே மாதத்தில் உடம்பை விட்டுப் போகாது. உங்களோடு போகும் பயணத்தில் எதுவும் விட்டுப்போகக்கூடாது என்ற அக்கறைதான் அந்த நோட்டு. அதைக் குறை சொல்லிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள்.

ஆனால் அந்தமானில் அந்தத் திட்டம் நடக்காது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குப் போக, படகைப் பொறுத்து ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்கு முன்னால் படகுத்துறையில் பெட்டியோடு காத்திருக்க வேண்டும். அப்புறம் நீல் தீவுக்குப் போக மறுபடி அதே காத்திருப்பு. நம் மும்பையை விட அங்கே சூரியன் ஏறக்குறைய 80 நிமிடம் முந்துகிறது. கடிகாரமோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். டிசம்பரில் ஐந்து மணி தாண்டியதும் பொழுது சாய்ந்துவிடும். அந்தமான்தான் என்றால் இரண்டு தீவு போதும், ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு.

என்னைக் கேட்டால் லட்சத்தீவுக் கப்பலைச் சொல்வேன். கொச்சியிலிருந்து புறப்படும் 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் திட்டத்தில் நானும் என் கணவரும் போயிருக்கிறோம். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகள். இரவில் கப்பல் ஓடும், பகலில் தீவில் இறக்கிவிடும், சாயங்காலம் திரும்பக் கப்பலுக்கு. பெட்டியை ஒரே ஒரு முறை பிரித்தால் போதும். எல்லாம் கப்பல்காரர்கள் நேரப்படி நடப்பதால் உங்கள் வீட்டுக்காரருக்கும் நிம்மதி. கப்பலுக்குத் திரும்பிய பிறகு யாரும் எங்கும் கூப்பிட மாட்டார்கள். நீங்கள் கேட்கும் நேரம் அதுதான்.

கல்பேனியை நெருங்கிய அந்தக் காலை எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேல்தளத்தில் இருவரும் டீயோடு நின்றிருந்தோம். கருநீலக் கடல் ஓரிடத்தில் வெள்ளைக் கோடு கிழித்ததுபோல முடிந்து, அந்தப் பக்கம் இளம் பச்சையாக, அலையே இல்லாமல் கிடந்தது. அந்தக் கோடுதான் பவளப்பாறை. வருகிற அலையெல்லாம் அதில் மோதி உடைந்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம் மாதிரி நிற்கிறது. டீ ஆறிப்போனது. இருவருமே பேசவில்லை.

ஒரு சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கப்பல் பாறையைத் தாண்டி உள்ளே வராது. கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து சின்னப் படகுக்குக் காலை வைத்து இறங்க வேண்டும், படகோ ஏறி இறங்கியபடி இருக்கும். நீங்களாகத் தாவாதீர்கள். படகுக்காரர் முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படகு மேலே எழும்பும் நொடியில் சொல்வார், அப்போது காலை வையுங்கள். புடவையை விட சுடிதார் நல்லது. முட்டிவலி அதிகம் இருந்தால் லட்சத்தீவு வேண்டாம், அந்தமான் படகுத்துறைகளே மேல்.

வாந்தி விஷயம். அறைக்குள் இருக்கும்போது எல்லாம் அசையாமல் இருப்பதாகக் கண் சொல்கிறது, ஆடுகிறது என்று உள்காது சொல்கிறது. அந்தக் குழப்பம்தான் குமட்டல். வெளியே வந்து, கப்பலின் நடுப்பகுதியாகப் பார்த்து உட்கார்ந்து, தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டச் சாப்பாடும் வேண்டாம். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டால் அவ்வளவாகப் பலிக்காது. மினிக்காய் மற்ற தீவுகளிலிருந்து விலகித் தெற்கே தனியாக இருக்கிறது. நடுவில் இருக்கும் 'ஒன்பது டிகிரி கால்வாய்' என்ற கடல் பகுதியில் எனக்கு ஆட்டம் கூடுதலாகத் தெரிந்தது. அந்த இரவு சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வேண்டும், அதனால் மாதக் கணக்கில் முன்னதாகவே லட்சத்தீவு சுற்றுலாத் துறையிடம் இந்தப் பருவத்துத் தேதிகளைக் கேளுங்கள். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை மழைக்காலம், அப்போது போகவேண்டாம்.

சரி, அவரிடம் எப்படிச் சொல்வது? முதலில் மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபெண்டா தீவுக்கு மரப்படகில் போய்வாருங்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். உங்கள் வயிறு தாங்குகிறதா என்றும் தெரிந்துவிடும். திரும்பும்போது, வெயில் தாழ்ந்து, தாஜ் ஹோட்டல் கோபுரம் மெல்லப் பெரிதாகிக்கொண்டு வரும் நேரத்தில் கேளுங்கள்: "ஏங்க, பகல்ல எங்க போகணும், என்ன பார்க்கணும்னு நீங்களே எழுதிக்கோங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மட்டும் நோட்டுல எதுவும் எழுதாதீங்க. அந்த நேரம் எனக்கு வேணும்."

அந்த நோட்டையும் கப்பலுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். மினிக்காயில் 1885-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஏற அனுமதித்தால், படிகளை எண்ணி எழுதிக்கொள்ள அவருக்கு அது வேண்டும்.