மக சோசியாலஜி படிக்கணுங்கறா, என்னக்கா பயம்?

அக்கா, போன வாரம் சுங்கை சிப்புட் கோப்பி கடையில நீங்க கேட்டதுக்கு அங்கேயே பதில் சொல்ல முடியல, பின்னாடி மேசையில பாதி தோட்டமே உக்காந்திருந்துச்சு. "ஆறாம் படிவப் பரீட்சை எஸ்டிபிஎம் முடிச்சிட்டு சோசியாலஜியாம், சமூகவியலாம், ஆராய்ச்சியாம், அதெல்லாம் ஒரு வேலையா, டீச்சருக்குப் போனா என்ன"ன்னு கேட்டீங்க. கவுன்சலிங்குக்கு வர்றதுக்கு முன்ன நானும் ஆறு வருஷம் அந்த வேலைதான் பாத்தேன், அதனால உள்ளத சொல்றேன்.

வெளிய இருந்து பாத்தா அது வேலை மாதிரியே தெரியாது. லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, ஒரு பாட்டி கூட உக்காந்து, காலையில ரப்பர் பால் புடிக்கிற மங்கு தொடச்சதுல இருந்து பால எடை போடுற வரைக்கும் அவங்க சொல்றத ஃபோன்ல ரெக்கார்டு பண்ணணும், பாத்தவங்க நான் சும்மா கதையடிக்கிறேன்னு நெனச்சாங்க. ஆனா ஒரு மணி நேர பேச்ச டைப் பண்ண எனக்கு ஆறு மணி நேரம் ஆகும், பாதியில சேவல் கூவும், பக்கத்து வீட்டு டிவி அலறும். பாட்டி "பெரட்டுக்களம்"னு சொன்னத தீசிஸ்ல எப்படி எழுதறதுன்னு ஒரு மத்தியானம் பூரா ஓடிப்போச்சு. காலையில ஆள் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம்னு எழுதிடலாம், ஆனா அந்த இருட்டு, குளிரு, வேலை வாங்குற தண்டலோட சத்தம் எதுவும் அதுல வராதுக்கா. கடைசியில "பெரட்டு"ன்னே விட்டுட்டு கீழ விளக்கம் போட்டேன்.

இன்னொன்னு, வீட்டுக்கு வந்தாலும் அந்த வேலை முடியாது. கல்யாண வீட்டுல யாரு எந்தப் பந்தியில உக்கார்றாங்கன்னு கண்ணு தானா போகும். ஒரு தடவ எங்கம்மா பேசினத நான் நோட்டுல குறிச்சிக்கிட்டிருக்க, "நான் சொல்றதையும் எழுதிடுவியா"ன்னு கோவப்பட்டாங்க, ரெண்டு நாள் பேசல. கேக்காம எழுதக்கூடாதுன்னு அன்னிக்கு படிச்சேன், எந்த லெக்சரரும் அத அப்படி சொல்லித்தரல.

இப்ப காசு விஷயம், இதுதான் உங்களுக்கு முக்கியம்னு தெரியும். லெக்சரர் ஆகணும்னா இப்ப பெரும்பாலும் பிஎச்டி கேக்கறாங்க. டிகிரி, மாஸ்டர், அப்புறம் அது, சுலபமா எட்டு வருஷத்துக்கு மேல போயிடும். நடுவுல கெடைக்கிற ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலை காண்ட்ராக்ட்டுதான், ப்ராஜெக்ட் காசு தீந்தா வேலையும் தீரும். எனக்கு ஒரு இடத்துல மூணு மாச சம்பளம் லேட்டா வந்துச்சு, அந்த மூணு மாசமும் தங்கச்சிதான் மளிகை வாங்கிப் போட்டா. அதனால உங்க மக நேரா பிஎச்டின்னு கெளம்பக் கூடாது. டிகிரியில இருக்கும்போதே புள்ளிவிவரமும், அதுக்கான எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேரும் நல்லா கத்துக்கணும், மலாயும் இங்கிலீஷும் பிழை இல்லாம எழுத வரணும். அது இருந்தா சமூக நல இலாகா ஜேகேஎம், அரசாங்க நிர்வாக அதிகாரி வேலை பிடிடி, மார்க்கெட் ரிசர்ச் கம்பெனி, என்ஜிஓன்னு பல பக்கம் அப்ளை பண்ணலாம். டிகிரிக்கு அப்புறம் டிப்ளோமா படிச்சு டீச்சர் ஆனவங்களும் இருக்காங்க, அந்த வழியும் அடியோட அடைபடல.

ஆனா அக்கா, அவள நான் ஏன் தடுக்கலன்னா, அன்னிக்கு நீங்க பில் கட்டப் போனப்ப அவ ஒன்னு கேட்டா. பெரிய தோட்டங்கள துண்டு துண்டா வித்த தோட்டத் துண்டாடல் காலத்துல, 1960ல, நம்ம ஊர்க்காரர், அமைச்சரா இருந்த சம்பந்தன், தொழிலாளிங்களே சேந்து தோட்டம் வாங்கறதுக்காக தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டம் தோட்டமா போய் பத்து பத்து வெள்ளியா (ரிங்கிட்) பங்கு சேத்தாருல்ல, "எங்க தாத்தா அந்த பத்து வெள்ளிய எதுல மிச்சம் புடிச்சாரு, பாட்டி எத விட்டுக்குடுத்தாங்க"ன்னா. சங்கத்தப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, பாட்டி எத விட்டுக்குடுத்தாங்கன்னு யாரு கேட்டா? இந்த மாதிரி கேள்விய டியூஷன் வச்சு வர வைக்க முடியாதுக்கா.

அரசாங்க யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ற யூபியூவுல யுஎஸ்எம் பினாங்க மேல போடலாம், வீட்டுக்கு அடிக்கடி வந்துட்டுப் போற தூரம்தான். யூகேஎம், யூஎம் அடுத்து. டீச்சர் சம்பந்தப்பட்ட கோர்ஸ் ஒன்னும் கீழ போட்டு வைங்க, உங்க மனசுக்கு.

சனிக்கிழம ரிசல்ட் சிலிப்போட ரெண்டு பேரும் வாங்க. அலமாரியில தாத்தாவோட பழைய சங்கப் புத்தகம் இருக்குன்னு சொன்னா, அதையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, எனக்குப் பாக்கணும்.