மைலேஜ் ஏன் இறங்குகிறது? கேள்வி பதில்

தாம்பரம்: கம்பெனி லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் என்றது. எனக்கு 13தான் வருகிறது. ஏமாற்றா சார்?

அந்த எண் சாலையில் எடுத்ததல்ல. ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை ஏற்றி ஓட்டிப் பார்ப்பது. சுமார் 20 நிமிட ஓட்டம், உச்ச வேகம் 90, சராசரி 30 சொச்சம், ஏசி கிடையாது. மாலை ஆறு மணிக்கு, நெரிசலான ஜி.எஸ்.டி. சாலையில் நிற்கிற வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நின்றபடி ஓடும் சின்ன பெட்ரோல் எஞ்சினே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். இரண்டு வண்டிகளை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும்.

சரி, 13 என்று எப்படிக் கணக்கிட்டீர்கள்? டேங்கை நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் நிறுத்துங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில், அதே பம்பில், அதேபோல் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மீட்டர் திரை காட்டுவதை நம்பாதீர்கள்.

சேலம்: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து 18 கொடுத்த வண்டி 12 கொடுக்கிறது.

லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனாலுக்கு. அதனால் மைலேஜ் குறைவது உண்மை. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம், இ10-க்கு (10 சதவீத எத்தனால்) வடிவமைத்து இ20-க்கு ட்யூன் செய்தவற்றுக்கு 1 முதல் 2 சதவீதம் என்கிறது. 18 என்பது 17-க்குப் பக்கத்தில் வரலாம். 12 வந்தால் எத்தனாலைத் திட்டிப் பயனில்லை; பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னால், டேங்க் கணக்கு.

மதுரை: கம்பெனி சொன்ன மைலேஜ் வரவில்லையே?

தாம்பரத்துக்குச் சொன்னதுதான்.

மேட்டுப்பாளையம்: ஊட்டியிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சமாகும்தானே?

ஆகாது. கியரில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இஞ்செக்டர் அதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்க பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். அதோடு பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் வண்டி உங்கள் கையில் இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் வழியில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியர் என்பது சம்பிரதாயமல்ல.

ஈரோடு: தம்பி, முப்பது வருஷம் அம்பாசிடர் ஓட்டியிருக்கேன். நியூட்ரல்ல கூடத்தான் கொடுக்கும்.

அண்ணே, அதில் இருந்தது கார்புரேட்டர்; எஞ்சின் இழுக்கும் காற்றோடு பெட்ரோலைக் கலந்து அனுப்பும், இஞ்செக்டர் மாதிரி நிறுத்தாது. கியரில் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றிப் பெட்ரோலை இழுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் அனுபவம் அந்த வண்டிக்குச் சரி.

கோவை: மேம்பாலம் மாதிரி லேசான சரிவில்? கியரில் விட்டால் எஞ்சின் இழுத்து வண்டி சீக்கிரம் நின்றுவிடுகிறது. மறுபடி மிதிக்க வேண்டியிருக்கிறது.

நல்ல கேள்வி. அங்கே நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்பதால் சொட்டு மிச்சமாகலாம்; ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலையில் எப்படியும் வேகத்தைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். அந்த வேலையை எஞ்சின் இலவசமாகச் செய்யும்போது பிரேக்கைத் தேய்ப்பானேன்?

ஈரோடு: அப்ப லாரிக்காரங்க எல்லாம் முட்டாளா தம்பி?

மலையில் நியூட்ரலில் இறங்கும் லாரி டிரைவரை அவர் முதலாளியே வேலையில் வைத்திருக்க மாட்டார் அண்ணே. இதை இதோடு விடுவோம்.

திருச்சி: ஏசியா, கண்ணாடியை இறக்கவா?

ஊருக்குள் கண்ணாடி, நெடுஞ்சாலையில் ஏசி. ஆனால் அங்கே பெரிய திருடன் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

நெல்லை: பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால்?

விற்பவருக்கு லாபம்.

வேலூர்: பிரீமியம் பெட்ரோல்?

உங்கள் எஞ்சின் அதைக் கேட்காதவரை வீண்.

தஞ்சாவூர்: வீட்டில் இரண்டு கார். ஒன்று 10, மற்றது 20 கொடுக்கிறது. எதைச் சரிசெய்தால் லாபம்?

10 கொடுப்பதை. ஆயிரம் கிலோமீட்டருக்கு 10-லிருந்து 12 ஆனால் கிட்டத்தட்ட 17 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 22 ஆனால் நாலரை லிட்டர்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றே யோசிப்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

ஓசூர்: கம்பெனி 24 என்றது, 16தான்...

டேங்க் கணக்கு எடுத்தீர்களா?