ஸ்கோபோலமைன் கொடுத்த எலி நீர்த்தொட்டியில் மேடையைத் தவறவிட்டால், அது மறதிதானா?

இந்தச் சோதனையில் எலி, நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்று, நினைவில் வைத்து, நீந்திப் போய்ச் சேர வேண்டும். தவறவிட்டதும் உடனே மறதி என்று எழுதிவிடாதீர்கள். நினைவைக் குலைக்கக் கொடுக்கும் மருந்தான ஸ்கோபோலமைன், மூளையில் நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை ஏற்கும் புரதங்களில் ஒரு வகையான மஸ்கரினிக் ஏற்பிகளை அடைக்கிறது. பயிற்சிக்கு 20–30 நிமிடம் முன், கிலோ எடைக்கு 0.5–1 மில்லிகிராம் வயிற்றறைக்குள் ஊசியாகப் போடுவது வழக்கம். ஆனால் அதே மருந்து கண்மணியை விரிக்கும், வாயை உலர்த்தும், எலியைப் பரபரவென்று ஓடவைக்கும். அப்படிப்பட்ட எலி தொட்டிச் சுவரை உரசியபடியே வட்டமடிக்கும். நீருக்கடியில் இருக்கும் மேடையை அது தேடவே இல்லை.

ஆகவே இரண்டு ஒப்பீடுகள் கட்டாயம். மேடையை நீர்மட்டத்துக்கு மேலே, கொடி நட்டு வையுங்கள்: அங்கும் நீந்திப் போகாவிட்டால் கோளாறு பார்வையிலோ நீச்சலிலோ ஆர்வத்திலோ இருக்கலாம். இன்னொரு குழுவுக்கு மெத்தில்ஸ்கோபோலமைன் கொடுங்கள். அது மூளைக்குள் அவ்வளவாக நுழையாது, உடல் விளைவுகள் மட்டும் வரும். அந்தக் குழு நன்றாகக் கற்று, ஸ்கோபோலமைன் குழு மட்டும் பின்தங்கினால், காரணம் மூளைக்குள்தான்.