சின்ன கிராஸ்ஓவர்களின் ஸ்போர்ட்ஸ் வகைகளுக்கு அந்த பேட்ஜைத் தாங்கும் தகுதி இருக்கிறதா?

சிலவற்றுக்கு இருக்கிறது, பலவற்றுக்கு இல்லை. (கிராஸ்ஓவர் என்பது எஸ்யூவி போல உயர்த்திக் கட்டிய கார்; பேட்ஜ் என்பது அதன் ஸ்போர்ட்ஸ் வகையைக் குறிக்க உடலில் ஒட்டும் எஸ்டி, ஆர் போன்ற எழுத்து.) ஆனால் எது எந்தப் பக்கம் என்று பிரிப்பதற்கு நீங்கள் கேள்வியில் சொன்ன இரண்டு அளவுகோலுமே உதவாது. உயரமான வண்டி என்ன செய்தாலும் ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது என்று நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 0-100 நேரத்தில், அதாவது நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொடும் நேரத்தில், இவை பழைய ஹாட் ஹேட்ச்களை (வேகத்துக்காகத் தயாரித்த சின்ன ஹேட்ச்பேக்குகளை) முந்துகின்றனவே, அது போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் விசாரிப்பது முன் ஆக்சிலில் என்ன டிஃபரன்ஷியல் (இன்ஜின் சக்தியை இடது வலது சக்கரங்களுக்குப் பகிரும் பல்சக்கர அமைப்பு) இருக்கிறது என்பதைத்தான். அடுத்து பிரேக், டயர். இன்ஜினைப் பற்றிக் கடைசியாகத்தான் கேட்பேன்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். என் (N) லைன், எஸ்டி லைன், ஆர் லைன், எஸ் லைன், ஜிடி லைன், ஏஎம்ஜி லைன் என்று வருபவை பெரும்பாலும் உடுப்பு மாற்றம்: பம்பர், சக்கரம், சீட் தையல், சிவப்புக் கோடு. ஹூண்டாய் வென்யூ என் லைனில் சாதாரண வென்யூ டர்போவில் இருந்த அதே 1.0 லிட்டர், 120 குதிரைத்திறன் இன்ஜின்தான் வந்தது. பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள், ஸ்டியரிங்கையும் சஸ்பென்ஷனையும் கொஞ்சம் இறுக்கினார்கள். நல்ல வேலைதான், நான் குறைசொல்ல மாட்டேன். டொயோட்டா யாரிஸ் கிராஸ் ஜிஆர் ஸ்போர்ட்டும் இதே ரகம். சஸ்பென்ஷனில் திருத்தம் உண்டு, அறிமுகமானபோது சக்தியில் மாற்றம் இல்லை. ஆனால் அதே ஜிஆர் எழுத்துகள் 2020-இல் வந்த ஜிஆர் யாரிஸிலும் இருக்கின்றன. ராலி போட்டி விதிகளை மனத்தில் வைத்துத் தனியாக உருவாக்கிய, 261 குதிரைத்திறன் தரும் மூன்று சிலிண்டர் வண்டி அது. ராலிக்காக உழைத்துச் சம்பாதித்த பெயரை ஒரு பம்பரோடும் பகிர்ந்துகொள்வது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. லைன் வகைகளில் குறைந்தபட்சம் அந்த ஒரு சொல்லாவது வாங்குபவரை எச்சரிக்கிறது.

இனி முழு பேட்ஜ் தாங்கிய வண்டிகளுக்கு வருகிறேன். 1976-இல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐயை நினைத்துப் பாருங்கள். 110 குதிரைத்திறன், எடை 800 கிலோவை ஒட்டி. ஃபோக்ஸ்வாகன் முதலில் 5,000 வண்டி மட்டுமே விற்கும் என்று கணக்குப் போட்டிருந்தது. இன்றைய சாதாரண கிராஸ்ஓவரே அதைவிடச் சக்தி வாய்ந்தது. ஆனாலும் ஜிடிஐ என்ற பெயர் நிலைத்ததற்குக் காரணம், இன்ஜினோடு சேர்த்து சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) சேர்த்து, முன்னால் காற்றோட்டமுள்ள டிஸ்க் பிரேக் கொடுத்து முழு வண்டியையும் மாற்றியதுதான். அந்த அளவுகோல் இன்றைக்கும் பொருந்தும் என்பது என் கட்சி.

உயரம் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். 1,500 கிலோ வண்டி ஒன்று, இடது வலது சக்கரங்களுக்கு இடையே 155 செ.மீ., ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். வளைவில் 0.9 ஜி (புவியீர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு) பக்கவாட்டு விசையோடு திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஏறத்தாழ 435 கிலோ எடை மாறுகிறது. அதே வண்டியின் ஈர்ப்பு மையத்தை 56 செ.மீ. ஆக்கினால் அது 490 கிலோவை நெருங்கிவிடும். டயரின் பிடிப்பு, அதன் மேல் ஏறும் எடைக்குச் சமமாகக் கூடுவதில்லை. வெளிச்சக்கரம் பெறுவதைவிட உள்சக்கரம் இழப்பது அதிகம். ஆகவே உயரம் கூடினால் மொத்தப் பிடிப்பு குறையும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்பிரிங்கையும் ஆன்டி ரோல் பாரையும் எவ்வளவு இறுக்கினாலும் இந்த மொத்த எடை மாற்றம் குறையாது. வண்டி சாய்வது குறையும், அவ்வளவுதான். சாயாமல் நிற்கும் கிராஸ்ஓவரை ஓட்டிப் பார்த்து, அடடா, ஹேட்ச்பேக் மாதிரியே இருக்கிறதே என்று சொல்பவர்கள் பாதி ஏமாந்திருக்கிறார்கள். உடம்புக்குச் சாய்வு தெரியவில்லை, ஆனால் உள்பக்க முன்சக்கரம் பாரம் இழந்து நிற்பது அப்படியேதான் இருக்கிறது. அந்த நிலையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ன ஆகும்? சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சமமான டார்க்கைத்தான் (சுழற்று விசையைத்தான்) தரும். பாரம் இல்லாத சக்கரம் தாங்கும் அளவு எவ்வளவோ அவ்வளவுதான் மற்றதற்கும் போகும். உள்சக்கரம் சும்மா சுழலும், சக்கரம் வழுக்குவதைக் காட்டும் டிராக்ஷன் விளக்கு மின்னும், கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கும். நான் ஓட்டிப் பார்த்த ஒரு வண்டி, பெயர் வேண்டாம், இரண்டாம் கியர் வளைவிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும் இதைத்தான் செய்தது. நேர்ச்சாலையில் அத்தனை வேகமாக இருந்த வண்டி, வளைவு முடியும் இடத்தில் மிதிக்க மிதிக்க மூச்சுப் பிடித்து நின்றது. வால்பக்கம் பெரிய பேட்ஜ் வேறு.

அதனால்தான் டிஃபரன்ஷியலை முதலில் கேட்கிறேன். தாழ்வான ஹேட்ச்பேக்குக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) ஒரு நல்ல சேர்க்கை. முன்சக்கரத்தில் ஓடும் உயரமான வண்டிக்கு அது உயிர்.

2020-இல் வந்த ஃபோர்டு பூமா எஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ, 200 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர் மேனுவல், 0-100 நேரம் 6.7 விநாடி. தாளில் பார்த்தால் பிரமாதம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு குவைஃப் நிறுவனத்தின் மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல் கிடைத்தது. பல்சக்கரங்களின் உராய்வை வைத்தே பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் டார்க்கைத் தள்ளும் அமைப்பு அது. ஒரு சக்கரம் முழுவதும் காற்றில் தூக்கிவிட்டால் மட்டும் அதற்கு வேலை செய்யப் பிடிமானம் இருக்காது. அந்த நேரத்துக்கு பிரேக் மூலம் டார்க்கைத் திருப்பும் எலக்ட்ரானிக் உதவியையும் கூடவே வைத்தார்கள். பின்சக்கரங்களை இணைக்கும் டார்ஷன் பீமை, ஃபோர்டின் ஹாட் ஹேட்ச்சான ஃபியஸ்டா எஸ்டியில் இருந்ததைவிடவும் விறைப்பாக்கினார்கள். டயர் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ். உயரத்தால் வரும் குறை என்னவென்று தெரிந்துகொண்டு, அந்தக் குறை இருக்கும் இடத்திலேயே செலவு செய்திருக்கிறார்கள். எஸ்டி என்ற பேட்ஜுக்கு முழுத் தகுதி உண்டு என்று தயங்காமல் சொல்வேன்.

ஹூண்டாய் கோனா என் (N) இன்னும் ஒரு படி மேலே. 2021-இல் வந்தது. 2.0 லிட்டர் டர்போ, 280 குதிரைத்திறன், 392 நியூட்டன் மீட்டர், எட்டு கியர் இரட்டை கிளட்ச், 5.5 விநாடி. இத்தனையும் முன்சக்கரங்களுக்கு மட்டும். இந்த அளவு டார்க்கை முன்னால் மட்டும் இறக்கினால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும் என்று பயப்பட நியாயம் உண்டு. மிதிக்கும்போது கொஞ்சம் இழுக்கவும் செய்யும். ஆனால் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கிளட்ச் கொண்ட டிஃபரன்ஷியல், வளைவின் நடுவில் மிதித்தால் வண்டியை உள்பக்கமாக இழுத்துச் செல்லும். மிதிக்க மிதிக்க மூக்கு வெளியே ஓடுவதுதான் முன்சக்கர வண்டியின் பழைய குணம். இது அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். உயரமான வண்டியில் இதைச் செய்து காட்டியதற்காகவே எனக்கு அந்த வண்டி மேல் தீராத மதிப்பு.

நான்கு சக்கரமும் ஓடும் ஜெர்மன் வண்டிகள் வேறு கதை. ஃபோக்ஸ்வாகன் டி-ராக் ஆர், ஆடி எஸ்க்யூ2 இரண்டிலும் ஒரே 2.0 லிட்டர் இன்ஜின், 300 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர், ஏறத்தாழ 4.8 விநாடி. மழையில் இவற்றைப் பிடிக்க முடியாது. பேட்ஜ் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தலைமுறை கோல்ஃப் ஆர் ஹேட்ச்பேக்கின் அதே எலும்புக்கூட்டை உயர்த்தி வைத்தது போல இருக்கும். உயரத்துக்கென்று தனியாக யோசித்த தடயம் குறைவு. பிஎம்டபிள்யூ எக்ஸ்2 எம்35ஐ இந்த வகையில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. 306 குதிரைத்திறனோடும் நான்கு சக்கர ஓட்டத்தோடும் நிறுத்திக்கொள்ளாமல் முன் ஆக்சிலில் டார்சன் வகை (குவைஃப் போலப் பல்சக்கரங்களால் இயங்கும்) லிமிடெட் ஸ்லிப்பும் வைத்தார்கள். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிஎல்ஏ 45 எஸ், 421 குதிரைத்திறனும் 4.3 விநாடியும் கொண்டது, தகுதியைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை.

ஒரே பேட்ஜுக்குள்ளேயே தகுதி மாறும் இடமும் உண்டு. நிசான் ஜூக் நிஸ்மோ ஆர்எஸ் இரண்டு வகையில் வந்தது. முன்சக்கர மேனுவலில் 218 குதிரைத்திறன், மெக்கானிக்கல் லிமிடெட் ஸ்லிப். நான்கு சக்கர வகையில் சிவிடி (தனித்தனிக் கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், டார்க்கும் குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று, ஓட்டினால் இரண்டும் வேறு. பூமா எஸ்டிக்கும் இந்த நிலை வந்தது: பின்னாளில் 1.0 லிட்டர் மைல்டு ஹைபிரிட் (சின்ன மின்மோட்டார் உதவும் பெட்ரோல் இன்ஜின்), 170 குதிரைத்திறன், ஏழு கியர் ஆட்டோமேட்டிக் என்று இன்னொரு எஸ்டி வந்து சேர்ந்தது. 0-100 நேரம் 7.4 விநாடி. மெதுவாகிவிட்டது என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. முதல் எஸ்டியை எஸ்டி ஆக்கிய மேனுவலும் அந்த டிஃபரன்ஷியலும் போன பிறகும் எழுத்துகள் மட்டும் தங்கிவிட்டன என்பதுதான் பிரச்சினை.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக. 1,500 கிலோ வண்டியை 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த ஏறத்தாழ 0.6 மெகாஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். 160-இலிருந்து என்றால் 1.5 மெகாஜூல். சாதாரண வண்டிக்கான டிஸ்க் இதை ஒரு முறை தாங்கும். அடுத்தடுத்து வந்தால் பெடல் உள்ளே போகத் தொடங்கும். சக்தியைக் கூட்டிவிட்டு டிஸ்க்கை அப்படியே விட்ட வண்டிக்கு எந்த பேட்ஜும் கூடாது என்பேன். இதில் பாதுகாப்பும் அடங்கியிருப்பதால் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய விலையும் ஒன்று உண்டு: சவாரி. உயரமான உடலைச் சாயாமல் பிடிக்க ஸ்பிரிங் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். 19 அங்குலச் சக்கரமும் மெல்லிய டயரும் சேர்ந்தால் சின்னப் பள்ளம்கூட முதுகுக்குத் தெரியும். கோனா என், பூமா எஸ்டி இரண்டுமே இதில் கடினமானவை. உயரமாக உட்கார்ந்து, சொகுசாக ஏறி இறங்கத்தான் கிராஸ்ஓவர் வாங்குகிறோம். அந்தச் சுகத்தில் ஒரு பங்கை பேட்ஜ் திருப்பி எடுத்துக்கொள்கிறது. சரி, அப்படியானால் ஹேட்ச்பேக்கே வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம்தான், கிடைத்தால். ஃபியஸ்டாவின் உற்பத்தியே 2023-இல் நின்றுவிட்டது, அதோடு ஃபியஸ்டா எஸ்டியும் போயிற்று. வீட்டில் ஒரே கார், பின்னால் குழந்தைகள், பெட்டி படுக்கை, ஆனால் ஓட்டுவதில் ஆசை விடவில்லை என்பவருக்கு இந்த வண்டிகள்தான் மிச்சம். அவர்களைக் கேலி செய்பவர்களோடு நான் உடன்படவில்லை.

மின்சார வண்டிகள் வந்ததும் 0-100 நேரம் அர்த்தம் இழந்துவிட்டது. வோல்வோ இஎக்ஸ்30 இரட்டை மோட்டார் வகை 428 குதிரைத்திறனோடு 3.6 விநாடியில் 100-ஐத் தொடுகிறது. குடும்ப வண்டியாகவே நடந்துகொள்கிறது. மறுபக்கம் ஆல்ஃபா ரோமியோ ஜூனியர் வெலோசே, அபார்த் 600இயின் கூடுதல் சக்தி வகை, ஓப்பல் மொக்கா ஜிஎஸ்இ மூன்றும் 280 குதிரைத்திறன்தான், 6 விநாடியை ஒட்டித்தான் வருகின்றன. ஆனால் மூன்றிலும் முன்னால் டார்சன் லிமிடெட் ஸ்லிப் இருக்கிறது. வெலோசேயில் உயரத்தை 25 மி.மீ. குறைத்து, ஸ்டியரிங்கை வேகப்படுத்தி, முன்னால் 380 மி.மீ. டிஸ்க் வைத்திருக்கிறார்கள். இரண்டு விநாடிக்கு மேல் மெதுவான இந்த வண்டிகளுக்குத்தான் நான் பேட்ஜைக் கொடுப்பேன்.

கடைசியாக, பழைய பூமா எஸ்டி ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். 1.5 மேனுவல்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அப்புறம், அந்த குவைஃப் டிஃபரன்ஷியல் பல சந்தைகளில் பெர்ஃபார்மன்ஸ் பேக் என்ற தனி ஆப்ஷனாகத்தான் விற்றது. வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. விற்பவரிடம் முதல் பில்லையோ, ஆப்ஷன் பட்டியலையோ கேட்டு வாங்கிப் பாருங்கள். லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்ப உதவும் வசதி) அந்தப் பேக்கோடு வந்ததால் டிரைவிங் மெனுவில் அது இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பேக் இல்லாத வண்டி என்றால் அதற்கேற்ற விலைக்குக் கேளுங்கள், அல்லது இன்னொன்று வரும்வரை காத்திருங்கள்.