பஸ் காசும் பாட்டும்

அன்புள்ள ஐயா,

‘தி மெசேஜ்’ என்ற ராப் பாட்டை இப்போதுதான் கேட்டேன். 1982-இல் நியூயார்க்கில் வந்த பாட்டு இன்னும் ஏன் சுடுகிறது? டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் வளர்ந்த நாங்கள் ஏன் அப்படி எழுதவில்லை? தமிழில் எழுதினால் இங்கே யாருக்குப் புரியும் என்கிறார்கள் நண்பர்கள். என் ராப் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகர், டர்பன்

அன்புள்ள தம்பி,

நண்பர்களை விடு. புரிகிறவனுக்குப் புரியட்டும்.

இசைத்தட்டின் உறையில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் பெயர் இருந்தாலும், அதில் ராப் பாடுவது மெல்லி மெல்லும் டியூக் பூட்டீயும்தான். பூட்டீ அந்தக் குழுவிலேயே இல்லை, இசைத்தட்டுக் கம்பெனியின் வாத்தியக்காரர். கொண்டாட்டப் பாட்டிலேயே ஊறிய குழுவுக்கு இது பிடிக்கவில்லை. அந்த சுகர் ஹில் கம்பெனியின் சில்வியா ராபின்சன்தான் விடாப்பிடியாக நின்றார். இங்கே கேப் டவுனில் ‘ப்ராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி’ என்ற ராப் குழு பாடியதைத் தேடிக் கேள். அதைப் பற்றி இன்னொரு நாள்.

உன் ராப்பைப் படித்தேன். கோபம் வந்தது. “சமூகமே எழு, சமூகமே விழி”... இது பாட்டா, தேர்தல் மேடையா? ‘தி மெசேஜ்’ யாரையாவது எழுப்புகிறதா? உடைந்த கண்ணாடி, எலி, கரப்பான், கடன் வசூலிக்கிறவன் போன் போட்டு மனைவியை மிரட்டுவது. கண்ணில் பட்டதைச் சொல்கிறது. தாளமும் நிதானம், ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது.

என் அத்தை, மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்தவள். மாமாவுக்கு டர்பன் மாநகராட்சியில் வேலை. அறுபதுகளில் அரசு அவர்களைப் பெயர்த்து சாட்ஸ்வர்த்தில் போட்டது. நடந்து போன வேலைக்கு பஸ் ஏற வேண்டியதாயிற்று. மாமா செத்தபோது அத்தை வைத்த ஒப்பாரியில் அவர் புகழைவிட பஸ் காசுதான் அதிகம். போக எவ்வளவு, வர எவ்வளவு, மழையில் பஸ் வராத நாள், சம்பளத்தில் மிச்சம் என்ன. “இருட்டில போயி இருட்டில வந்தியே, பிள்ளைங்க முகத்த எப்ப பாத்தே” என்று ஒரு அடி வரும். கூடியிருந்த பெண்கள் அந்த இடத்தில்தான் உடைந்து அழுதார்கள். எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் என்ற பேரே அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சட்டம் வீட்டுக்குள் என்ன செய்தது என்பது முழுக்க அந்த ஒப்பாரியில் இருந்தது. அவளுக்கு மேடை கிடையாது, மைக் கிடையாது. உனக்கு போனிலேயே ஸ்டூடியோ இருக்கிறது, நீ ‘சமூகமே’ என்கிறாய்!

உனக்குக் காது இருக்கிறது, தம்பி. மூன்றாம் பத்தியில் உன் அம்மா முன்பணம் கட்டிய மீட்டரில் மிச்சமிருக்கும் கரண்டைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கிறாளே, அந்த ஒரு வரி அசல். அதை வைத்துக்கொள். மற்றதை அடித்துவிட்டு, அவள் அன்றைக்கு என்ன சமைத்துக்கொண்டிருந்தாள் என்பதிலிருந்து எழுதி அனுப்பு.