அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டால் என்ன?

கேள்வி: அன்புள்ள அக்கா, சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் 'வீல் ஆஃப் டைம்' என்ற ஆங்கில மாயக்கதை நாவல் வரிசையைப் படித்து வருகிறோம். மொத்தம் 14 புத்தகங்கள். நான் எட்டாவதில் நிற்கிறேன். அதில் பெரின், ஃபெயில் என்று ஒரு ஜோடி. ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். ஆனால் மனதில் இருப்பதை வாய் திறந்து கேட்பதே இல்லை. படிக்கிற எனக்குத் தலைவலி வருகிறது. இவரோ, "புருஷன் பொண்டாட்டின்னா அப்படித்தான். நம்ம வீட்ல மட்டும் என்ன வாழுது?" என்கிறார். நான் சத்தம் போட்டேன். பதில் பேசாமல் எழுந்து போர்செட்டுக்குப் போய்விட்டார். மேற்கொண்டு படிக்கலாமா, விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் எரிச்சல் முழுக்க நியாயமானது. ஆனால் அந்த ஜோடியின் சண்டை வெறும் சண்டை இல்லை. ஃபெயிலின் நாட்டில் மனைவி குரலை உயர்த்தினால் கணவனும் உயர்த்த வேண்டும். அவன் அடங்கிப் போனால், 'இவளுக்கு எதிர்த்து நிற்கத் தெம்பில்லை' என்று அவளைக் குறைத்து எடைபோடுகிறான் என்று அர்த்தம். பெரின் கொல்லுப்பட்டறையில் வேலை பழகியவன். சிறு வயதிலேயே ஆள் பெரியவன் என்பதால், தெரியாமல் யார் மேலும் கை பட்டுவிடக் கூடாதே என்று எதையும் நிதானமாகச் செய்யப் பழகியவன். அவன் அன்பினால் குரலைத் தாழ்த்துகிறான், அவளுக்கு அது அவமானமாகப் படுகிறது. இரண்டு வளர்ப்புகள் மோதுகிற இந்த இடத்தை எழுதிய ராபர்ட் ஜோர்டானை நான் மனதாரப் பாராட்டுவேன்.

கெடுவது அதற்கப்புறம்தான். நாலாவது புத்தகத்தில், அதாவது 1992-ல், கல்யாணமாகிறது. பிறகு அதே சந்தேகம், அதே மௌனம், புத்தகம் புத்தகமாகத் திரும்பி வருகிறது. பெரினுக்கு ஓநாயின் மோப்பம் உண்டு. அவளுடைய பொறாமையும் வருத்தமும் அவன் மூக்குக்குத் தெரிகின்றன. அப்படியும் 'ஏன்' என்று கேட்பதில்லை! ஒவ்வொரு பகுதியும் யாராவது ஒருவர் மனதுக்குள்ளிருந்தே சொல்லப்படுவதால், இரண்டு பேருடைய ரகசியமும் நமக்குத் தெரியும். அவர்களுக்குத்தான் தெரியாது. உங்கள் தலைவலிக்குக் காரணம் இதுதான்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பூம்புகார்க் கடற்கரையில் நடந்த ஒரு பிணக்கை நினைத்துப் பாருங்கள். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கோவலன் யாழை வாங்கிக் காவிரியையும் கடற்கரைப் பெண்ணையும் பாடுகிறான். இவன் மனதில் வேறொருத்தி இருக்கிறாள் என்று மாதவிக்குத் தோன்றுகிறது. அவளும் யாழை வாங்கி, தனக்கும் வேறொருவன் இருப்பதுபோலப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். இங்கேயும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அதைப் படிக்கும்போது நமக்கு எரிச்சல் வருவதில்லை, வயிறு பதறுகிறது. கேட்கவிடாமல் தடுத்தது அவர்களுடைய தன்மானம், அதை நாம் கண்ணால் பார்க்கிறோம். அதோடு, இளங்கோ அதைத் திரும்பச் சொல்வதில்லை. மாதவி அனுப்பிய ஓலையைக் கோவலன் வாங்க மறுக்கிறான், கண்ணகியிடம் திரும்புகிறான், மதுரைக்குக் கிளம்புகிறான். மதுரைக்குப் போகிற வழியில் மாதவியின் இன்னோர் ஓலை வந்த பிறகுதான் அவள்மேல் குற்றமில்லை என்று அவனுக்குப் புரிகிறது. அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. ஒரு தவறான புரிதலால் கதை எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயல் சூழ்ந்த மருதத்துக்கு ஊடலைத்தான் உரிப்பொருளாக வைத்தார்கள் நம்முடைய பழைய புலவர்கள். அதைத் தீர்க்க ஆட்களையும் வைத்தார்கள். தோழி, தாய், பாணன், விறலி, விருந்தினர், வழியில் கண்டவர் என்று பன்னிரண்டு பேரைத் தொல்காப்பியம் வாயில்கள் என்று சொல்கிறது. இதில் விருந்தினரைச் சேர்த்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆள் வந்துவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோறு போட முடியாதே. இன்றைக்கும் நம் பக்கத்து வீடுகளில் அத்தையோ நாத்தனாரோ நடுவில் புகுந்து பேசிவிடுகிறார்கள். நீண்ட மாயக் கதைகளில் ஆயிரம் பாத்திரங்கள் இருந்தும் இந்த வேலையைச் செய்ய ஆள் வருவதில்லை. பெரினுக்குக்கூட ஒரு மூத்த நண்பர் ஃபெயிலின் நாட்டு வழக்கத்தை எடுத்துச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் விளங்குகிறது. சில நிமிடப் பேச்சு அது. அதை எத்தனையோ பக்கங்களுக்கு முன்பே கொண்டுவந்திருக்கலாம்.

"உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது
மிக்கற்றால் நீள விடல்"

என்கிறார் வள்ளுவர். ஊடல் உப்பு மாதிரி, கொஞ்சம் நீட்டினாலும் கரித்துவிடும்.

சரி, படிப்பதா விடுவதா? படியுங்கள். கொஞ்சம் கதையைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாவதின் முடிவில் அந்த இருவரும் பிரிக்கப்படுகிறார்கள், சேர்வது பதினொன்றாவதில். 1998-ல் படித்தவர்கள் 2005 வரை காத்திருந்தார்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒன்பது, பத்தில் பெரின் வருகிற அத்தியாயங்களை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் போகலாம். பத்தாவதின் பெரும்பகுதி, ஒன்பதாவது முடிகிற நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான். 2007-ல் ஜோர்டான் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று புத்தகங்களை எழுதினார். அவை வேகமாகப் போகும்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. புரியாமல் போவது எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் வருஷக்கணக்காக அப்படியே கிடக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் சத்தம் போட்டீர்கள், அவர் எழுந்து போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் போனது கோபத்திலா, சண்டை பெரிதாகிவிடக் கூடாதே என்றா? அது உங்கள் கடிதத்தில் இல்லை. குறுவை நாற்றங்கால் வேலை தொடங்கி அவர் வயலே கதி என்று ஆவதற்குள் கேட்டுவிடுங்கள். அவர் எழுந்து போகும்போது உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்பதையும் சொல்லுங்கள்.